தென்னைப் புத்தகமும் சலவைக்கல்லும்

காரோடு என்ற எங்கள் ஊரில் சபையார் எதைச் செய்தாலும் ஒரு சலவைக்கல் பதித்துவிடுவார்கள். வேதக்கோயில் படிக்குச் சிமெண்டு பூசினால் ஒரு கல், குழாய் மாற்றினால் ஒரு கல். பாதிக் கற்களில் ராஜையாவின் பெயர் உண்டு.

ராஜையாவின் கொள்ளுப்பாட்டா வேதமணி உபதேசியார், தென்னை வளர்ப்பைப் பற்றித் தமிழில் ஒரு தடித்த புத்தகம் எழுதியவர். பாறசாலையில் டைப்பிங் கடை வைத்திருக்கும் எங்கள் சபை ஜின்சி, ஏழு மாதம் உட்கார்ந்து அதன் நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் தானே அடித்து, பிழை திருத்தி, மின்நூலாக்கி விற்பனைக்கு வைத்தாள். முதல் பிரதியைத் துபாயில் யாரோ வாங்கினார்கள். அன்று அவள் நடையே மாறிப்போயிற்று.

மூன்றாம் நாள் வக்கீல் நோட்டீஸ் வந்தது. புத்தகம் ராஜையா குடும்பத்தின் பரம்பரைச் சொத்தாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் விற்பனையிலிருந்து எடுக்காவிட்டால் கோர்ட்டாம்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர் இருவரையும் உட்காரவைத்தார். நாங்களும் வீட்டுக்குப் போகவில்லை.

"எங்க பாட்டா ஆக்கும் எழுதினது. இதுல உனக்கென்ன பிள்ளே உரிமை?" என்றார் ராஜையா.

"எழுதினவரு இறந்து அறுபது வருசம் வரைக்கும்தான் குடும்பத்துக்கு உரிமை மாமா. பெறவு ஆரும் விக்கலாம். சட்டம் ஆக்கும்."

"செரி, பாட்டா எப்ப இறந்தாருன்னு காட்டு. சபை ரெஜிஸ்டர் செல்லரிச்சுப் போச்சுல்லா?" ராஜையா துண்டை உதறித் தோளில் போட்டார்.

ஜின்சி அவருடைய தலைக்கு மேலே சுவரைப் பார்த்தாள். நாங்களும் பார்த்தோம்.

'வேதமணி உபதேசியார். மறைவு 12.8.1923. நூற்றாண்டு நினைவுக்கல். உபயம்: கொள்ளுப்பேரன் ராஜையா.' எல்லாம் தங்க எழுத்து. திறப்புவிழாப் பிரியாணியைச் சபை முழுக்கச் சாப்பிட்டிருந்ததால் சாட்சிக்கும் பஞ்சமில்லை.

போதகர் போனில் மின்நூலைத் திறந்தார். "ஜின்சி, நீயும் 'எல்லா உரிமையும் ஜின்சிக்கே'ன்னு போட்டிருக்கியே?"

"எல்லாப் புத்தகத்திலயும் உண்டுல்லா... ஒரு கெத்துக்குப் போட்டேன்." முகம் சிவந்தது. "எடுத்திருதேன். மாமாவும் விக்கட்டும், நான் தடுக்கமாட்டேன்."

"நானூறு பக்கத்த ஆரு அடிப்பா?" ராஜையா போனை வாங்கி, காண்டாமிருக வண்டு பற்றிய அதிகாரத்தை விரலால் தள்ளித் தள்ளி வாசித்தார். நெடுநேரம் ஆயிற்று. "ஒரு பிழையும் இல்ல, போதகரே," என்றார். எழுதினது அவர் பாட்டா. அடித்தது எங்கள் ஜின்சி. எங்களுக்கெல்லாம் நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்தது.

ராஜையா நோட்டீஸைத் திரும்பப் பெற்றார். அடுத்த ஞாயிறு, பழைய கல்லுக்குக் கீழே புதிதாக ஒரு கல்: 'இந்நூலை உலகுக்கு வழங்கியவர்: ராஜையா.'

நாளை வேறு யாராவது நோட்டீஸோடு வந்தால் காட்டவேண்டுமே என்று, மின்நூலில் 'எல்லா உரிமையும்' என்று இருந்த இடத்தில் போட ஜின்சி பழைய கல்லைப் படமெடுத்தாள்.

"மக்கா, இன்னும் கொஞ்சம் பின்னால தள்ளி நில்லு," என்றார் ராஜையா. "கீழக் கல்லும் படத்துல விழணும்லா?"