வெடிப்புக்குள் ஸ்நோ

அப்பச்சோடாவோடு தலைக்குப் பூசும் கண்டிஷனரைப் பிசைந்தால் பனி வரும் என்று போனில் ஒரு வெள்ளைக்காரி செய்து காட்டியிருந்தாள். அதை நம்பித்தான் சிவானுஜா ஹல்துமுல்லைக் கடையில் இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

டிசம்பர் விடுமுறை. மழை விட்டபாடில்லை. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு மேலிருந்த மைதானத்தில் நிலம் பிளந்துவிட்டது. யாரும் போகக்கூடாது என்று மஞ்சள் நாடா கட்டியிருந்தார்கள். எட்டு வயதுக் கேசினியையும் ஐந்து வயதுத் தினேஸையும் நாள் முழுக்க ஒற்றை அறையான காம்பராவுக்குள் அடைத்து வைப்பது லேசுப்பட்ட காரியமா? ஒன்று அழுதால் மற்றது சிரிக்கும். பிறகு முறை மாறும்.

உரச்சாக்கொன்றைக் கிழித்துத் தரையில் விரித்து, அதன்மேல் வைத்துப் பிசைந்தாள். முதலில் தோசை மாவு மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்சம் சோடாவைத் தட்டியதும் உதிர்ந்து, பிடித்தால் உருண்டையாகி, ஊதினால் பறந்தது.

"அம்மா, நெசமாவே ஜில்லுன்னு இருக்கு!" என்றான் தினேஸ்.

பக்கத்துக் காம்பரா லீலாதேவி வாசலில் வந்து நின்றாள். "ஏண்டி சிவா, இங்க நடுங்குற நடுக்கம் பத்தாதுன்னு கடையில போயி குளிர வாங்கியாந்தியா?"

"நீங்களும் ஒரு உருண்ட புடிங்கக்கா."

"நமக்குப் புட்டு மாவே போதும்மா. பாத்து, ராவைக்கு அதையும் அவிச்சு வச்சிராத."

பிள்ளைகள் சாக்கில் மலை கட்டினார்கள். மலைக்கு மேலே தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வீடு வைத்தார்கள். சிவானுஜா நிம்மதியாக அடுப்படிக்குப் போய்ச் சோற்றுக்கு உலை வைத்தாள்.

மண்சரிவில் மீரியபெத்தத் தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் போனதிலிருந்து அந்த லயத்தில் வெடிப்பைப் பார்க்காமல் யாரும் பல் விளக்குவதில்லை. சிவானுஜாவின் காம்பராவில் வாசற்படியிலிருந்து சுவர் வரைக்கும் தரையில் ஒரு வெடிப்பு ஓடியது. சுவருக்கு அந்தப் பக்கம் லீலாதேவியின் தரையிலும் அதே வெடிப்புத்தான். அதை அளக்க லயத்துக்கென்று ஒரு முறை இருந்தது. வெடிப்புக்குள் ஈர்க்குச்சி மட்டும் போனால் இருக்கலாம். தீக்குச்சி போனால் கிளம்பிவிட வேண்டும். யார் சொன்ன கணக்கு என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். ஆனால் காலையும் மாலையும் எல்லாக் காம்பராவிலும் யாராவது ஒருவர் குனிந்து குத்திப் பார்ப்பார்.

உலை கொதித்ததும் சிவானுஜா விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவிக்கொண்டு வந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள். வெடிப்பைக் காணோம். அது இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு.

"யாரு செஞ்சது?"

"நான்தான்," என்றாள் கேசினி. "வெடிப்பு மூடிட்டா கோயில் மண்டபத்துக்குப் போக வேணாம்லம்மா?"

 போன ஐப்பசி மழையில் தீக்குச்சி போகிற மாதிரி இருக்கிறதென்று சிவானுஜா மட்டும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோயில் மண்டபத்துக்கு ஓடினாள். ஒரு கல்லும் உருளவில்லை. திரும்பி வந்தபோது கோழிகள் இரண்டையும் காணவில்லை. வராத மண்சரிவுக்குச் செய்தி வாசித்தவள் என்று அன்றிலிருந்து லயத்தில் அவளுக்கு "நியூஸ் அக்கா" என்று பெயர். பள்ளிக்கூடத்தில் கேசினிக்கு "நியூஸ் அக்கா மக."

அடைத்ததை எடுத்துவிட்டுப் பார்ப்போம் என்று ஈர்க்கால் கிண்டினாள். சோடா அதற்குள் இறுகியிருந்தது. ஈர்க்கு ஒடிந்தது. கரண்டிக் காம்பால் சுரண்டினாள். வெள்ளைத் தூளோடு ஓரத்துச் சீமெந்தும் பொடிப்பொடியாகக் கொட்டியது. எது சோடா, எது சீமெந்து என்று பிரிக்க முடியவில்லை. சுத்தமான பிறகு, எதற்கும் இருக்கட்டுமென்று தீக்குச்சியை வைத்துப் பார்த்தாள்.

போனது.

எடுத்துவிட்டு இன்னோர் இடத்தில் வைத்தாள். அங்கேயும் போனது. வெளியே மழை தகரத்தில் கல்லெறிகிற மாதிரி விழுந்தது.

கணவன் இந்திரஜித் வெலிமடை மரக்கறி லொறியோடு தம்புள்ளையில் நின்றான். போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டான். "நோண்டுறதுக்கு முந்தியே போச்சா, நோண்டின பெறகு போச்சா?"

"முந்தி எங்கங்க பாத்தேன்? அடைச்சுல்ல கெடந்துச்சு."

"காலையில?"

"காலையில ஈக்குச்சிதான்."

"அப்ப நோண்டினதுலதான் போயிருக்கு." லொறிக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. "இல்ல, மழ வேற பேயுதே. எனக்கு ஒன்னும் வெளங்கல புள்ள. நீயே பாத்துக்க."

லீலாதேவி வந்து குனிந்து பார்த்தாள். "கரண்டியால தோண்டினா தீக்குச்சி என்னா, மம்பட்டியே போவும். என் பக்கம் ஈக்குச்சிதான் போவுது. ஒரே வெடிப்பு, ஒரே தரை. உன் பக்கம் மட்டும் மல தனியா நகருமா?"

நியாயமாகத்தான் இருந்தது. சிவானுஜா உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி தீக்குச்சியை வைத்துப் பார்த்தாள். போன தடவையைவிட லேசாகப் போகிறதா, அதே மாதிரிதானா? அதுவும் தெரியவில்லை. இருந்தால் பைத்தியக்காரி, போனால் நியூஸ் அக்கா. நியூஸ் அக்கா என்றால் உயிரோடாவது இருக்கலாம். உலையை இறக்கி வைத்துவிட்டுப் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டரை மாட்டினாள்.

"போறியா? இந்தத் தடவ கோழிகூட இல்ல, தைரியமாப் போ," என்று லீலாதேவி சிரித்தாள்.

கேசினி அழுதுகொண்டே பனியை ஐஸ்கிரீம் டப்பாவில் அள்ளிக்கொண்டாள்.

மண்டபத்தில் ஒருவரும் இல்லை. ஒரு மூலையில் பாயை விரித்து உட்கார்ந்தார்கள். மழையில் டப்பாவுக்குள் தண்ணீர் போய்ப் பனி கூழாகியிருந்தது. இது இப்போதும் பனிதானா என்று தினேஸ் கேட்டான். சிவானுஜாவுக்குத் தெரியவில்லை.

வெளிச்சம் மங்குவதற்குள் குடை ஒன்று படியேறி வந்தது. லீலாதேவி. தலையில் துணி மூட்டை, கையில் தீப்பெட்டி.

"என்னாக்கா? உங்க பக்கமும் போச்சா?"

லீலாதேவி மூட்டையை இறக்கினாள். 

"நீ போன பெறகு இருப்புக் கொள்ளல. ஈக்குச்சிய விட்டேன், சரியாத்தான் இருந்துச்சு. உள்ளுக்குள்ள மண்ணு கிண்ணு அடைச்சிருக்குமோன்னு கொஞ்சம்... நோண்டிப் பாத்தேன்."

"கரண்டியாலயா?"

"கத்தியால. பெறகு தீக்குச்சி போயிருச்சு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிக்கலாமா என்று சிவானுஜாவுக்குத் தோன்றியது. லீலாதேவி சிரிக்கவில்லை. பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, லயம் இருந்த பக்கத்தையே பார்த்தாள். மழையில் ஒன்றும் தெரியவில்லை.