வளைந்த மரத்தின் மறுமுனை

ஆவியில் வெந்த பீச் மரத்தைத் தனியொருவரால் வளைக்க முடியாது. இரு முனையிலும் ஆள் நின்று, சூடு ஆறுமுன் ஒரே நேரத்தில் இழுத்து அச்சில் பொருத்த வேண்டும். உட்காரும் கதிரைகள் செய்யும் அந்த ஜெர்மன் தொழிற்சாலையில் ஒரு முனையில் ஹெல்முட், மறுமுனையில் தமிழனான நான்.

1988இல் தொழிற்சாலை தன் வரலாற்றைப் புத்தகமாகப் போட்டது. படமெடுக்க வந்தவன் என்னை விலகச் சொன்னான். ஹெல்முட் தனியே இழுக்க, இரண்டு மரங்கள் வெடித்தன. பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

புத்தகத்தைப் பார்த்து, "இதில நீங்கள் எங்கையப்பா?" என்றாள் மனைவி புஷ்பராணி.

படத்தின் ஓரத்தில் மணிக்கட்டோடு முடிந்த இரண்டு கைகளைக் காட்டினேன். "ஆளை வெட்டிப்போட்டாங்கள்!" கீழே ஹெல்முட்டின் பெயர் மட்டும்.

மறுநாள் மரம் ஆவிபறக்க வந்தது. "இழு!" என்று ஹெல்முட் கத்தினான்.

கைகளைக் களிசான் பைக்குள் விட்டேன். "என்ர கை உங்கட புத்தகத்தில கிடக்கு. போய் எடு."