எட்டுப் பேர் வண்டி

வண்டியை எங்கே வெட்டுவது என்று முடிவு செய்வதுதான் என் தொழிலில் பாதி வேலை. மீதிப் பாதி வெறும் சத்தம். வெல்டிங் பட்டறை வைத்துப் பதினாறு வருஷம் ஆகிறது. கேட், ஜன்னல் கம்பி என்று வருவதையெல்லாம் செய்வேன்; ஆள் ஏறும் வண்டியைச் சரக்கு வண்டியாக மாற்றுவதும் எனக்குப் புதிதில்லை. நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய நீள வண்டிகளுக்கு அடியில் தனியாக ஒரு இரும்புச் சட்டம் ஓடும். மேல்கூட்டை எங்கே அறுத்தாலும் அந்தச் சட்டம் தாங்கிக்கொள்ளும். அதனால் வருகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: நடுச் சீட்டை விட்டுவிட்டு வெட்டட்டுமா, அதையும் சேர்த்து எடுத்துவிடட்டுமா?

என் அக்கா வீட்டுக்காரர் அந்தக் கேள்விக்கு இடமே வைக்கவில்லை. வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். என் மேஜையிலிருந்த சாக்பீஸை எடுத்து, முன் சீட்டின் முதுகை ஒட்டி, கூரையிலிருந்து கீழ்வரை ஒரு கோடு இழுத்தார். இதற்குப் பின்னால் எதுவும் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனார்.

ஏன் என்று எனக்குத் தெரியும். ஆறு வருஷமாக மாமா அந்த வண்டியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போனார். பள்ளிக்கூடம் மேட்டில் இருக்கிறது. மழை பெய்தால் மற்ற வண்டிகள் சேற்றில் உட்கார்ந்துவிடும், இது மட்டும் ஏறிவிடும். பின்னால் எட்டுப் பிள்ளைகள். அதில் கடைக்குட்டிக்கு ஐந்து வயது. ஏறின உடனே தூங்கிவிடுவாள் என்பதால் மற்றதுகள் அவளுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்திருந்தன. நான்கு மாதத்துக்கு முன் ஒருநாள் காலை பள்ளிக்கூட வாசலில் ஏழு பேர்தான் இறங்கினார்கள். மாமா வீட்டுக்கு வந்து, வண்டியை வெயிலில் நிறுத்திப் பூட்டிவிட்டு, உள்ளே போய்ப் படுத்துவிட்டார். முக்கால் மணி நேரம் கழித்து, எதிர்வீட்டுத் தையல்காரர்தான் பின்கண்ணாடியில் ஒரு சின்னக் கையைப் பார்த்திருக்கிறார்.

குழந்தை பிழைத்துவிட்டாள். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுத் தன் காலாலேயே நடந்து வீட்டுக்குப் போனாள். ஆனால் முதல் நாள், பிழைப்பாளா என்று யாருக்கும் தெரியாத நேரத்தில், ஆஸ்பத்திரி வராந்தாவில், அவளைப் பெற்றவர்கள் நிற்கும்போதே, நான் மாமாவைப் பார்த்து, "எட்டு வரைக்கும் எண்ணத் தெரியாதவருக்கு எதுக்கு வண்டி?" என்று கேட்டேன். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். நான் அன்றைக்கு ஒரு மூட்டையையே கொட்டினேன்.

அதற்குப் பிறகு மாமா வண்டியில் யாரையும் ஏற்றவில்லை. இரும்புக் கடைக்குச் சரக்கு ஏற்றப் போகிறேன் என்றார். யாரும் தடுக்கவில்லை.

வண்டி பட்டறைக்கு வந்த மறுநாள் மத்தியானம் அக்கா வந்தாள். வெயிலில் நடந்து வந்த முகத்தோடு வண்டியை ஒருமுறை சுற்றினாள். கோட்டைப் பார்த்தாள். முந்தானையால் அதை அழுத்தித் துடைத்துவிட்டு, நடுச் சீட்டுக்குப் பின்னால் கோணல்மாணலாக இன்னொரு கோடு போட்டாள்.

"இங்க வெட்டு" என்றாள்.

மாமா சொன்னது வேறு என்றேன்.

"நாலு மாசமா எங்க புள்ளைங்களைக்கூட அவர் வண்டில ஏத்தலடா. கேட்டா, பஸ் இருக்கேங்கிறாரு. சின்னவ கையை நீட்டினாக்கூடத் தூக்க மாட்டேங்கிறாரு. இந்தச் சீட்டு இருந்தா என்னைக்காவது மனசு மாறும். இதையும் வெட்டிட்டா அவ்வளவுதான்." வாசல்வரை போனவள் திரும்பி நின்றாள். "நீ பேசின பேச்சுக்கு இதையாவது செய்."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. இரண்டு நாள் யோசித்துக்கொண்டே சீட்டுகளைக் கழற்றினேன். தரைவிரிப்பு, கூரைத் துணி, ஒயர் எல்லாவற்றையும் எடுத்தேன். கதவு வாய்களுக்குக் குறுக்கே இரும்புக் கம்பிகளை வைத்துப் பற்றவைத்தேன். அப்படிச் செய்யாமல் அறுத்தால் கூடு விரிந்துகொள்ளும், பிறகு எந்தக் கதவும் ஒழுங்காகச் சாத்தாது. எல்லாம் முடிந்தபோது அக்கா பக்கம்தான் என் மனசு நின்றது. தம்பி வேறு எந்தப் பக்கம் நிற்பான்?

மூன்றாம் நாள் காலை இரும்பறுக்கும் கிரைண்டரைக் கையில் எடுத்தேன். மாமா வந்துவிட்டார். கோடு இடம் மாறியிருப்பதைப் பார்த்தார். அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அது எனக்குச் சுலபம். அவர் கருவிப் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டார்.

"உங்க அக்கா வந்தாளா?"

தலையாட்டினேன்.

"காலி வண்டிதான் ஓட்டுறேன் மாப்ள. தெரியுது. ஆனாலும் பின்னாடி யாரோ தூங்குற மாதிரியே இருக்கு. ஓரங்கட்டி, இறங்கி, பாத்துட்டு ஏறுறேன். இங்க கொண்டுவரதுக்குள்ள ஒம்பது தடவை இறங்கினேன்." கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினார். "பின்னாடின்னு ஒண்ணே இல்லாமப் பண்ணிடு."

அவர் வீட்டிலிருந்து பட்டறைக்கு ஒன்றரை மைல்கூட இல்லை. நான் அக்காவின் கோட்டைத் துடைத்துவிட்டு, பழைய இடத்திலேயே மறுபடி கோடு போட்டேன்.

கிரைண்டரை ஓடவிட்டபோது, ஒரு நிமிஷம் என்று கை காட்டினார். எல்லாக் கதவுகளையும் திறந்தார். உள்ளே சீட்டு இல்லை, விரிப்பு இல்லை, வெறும் தகரத்தரை. பின்பக்கமாக ஏறி, அதில் மண்டி போட்டு, ஒவ்வொரு பிள்ளையும் உட்காரும் இடத்தில் உள்ளங்கையை வைத்து வைத்து எடுத்தார். உதடு அசைந்தது. எட்டு வந்த பிறகுதான் வெளியே வந்தார். வராந்தாவில் நான் கேட்ட கேள்விக்கு நான்கு மாதமாக இப்படித்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடுதான் அறுத்தேன்.

பத்து நாளில் வேலை முடிந்தது. பின்கதவிலிருந்த பெரிய கண்ணாடியைச் சட்டத்தோடு வெட்டி, முன் சீட்டுக்குப் பின்சுவராக வைத்துப் பற்றவைத்தேன். தலையைத் திருப்பினாலே சரக்குத் தொட்டி முழுதும் தெரியும். முன்னால் பழையபடி ஒரே நீளச் சீட்டு, டிரைவரோடு மூன்று பேருக்கு இடம். வண்டியை நானே ஓட்டிக்கொண்டுபோய் அக்கா வீட்டு வாசலில் நிறுத்தினேன். அக்கா ஒருமுறை பார்த்தாள். அதோடு சின்னப் பிள்ளை மாதிரி என்னோடு காய் விட்டுவிட்டாள்.

மாமா ஏறி ஓட்டிப் பார்த்தார். பத்தடி போயிருக்கும். வண்டி நின்றது. இறங்கிப் பின்பக்கம் போனார். தொட்டியில் மடித்த தார்ப்பாய் ஒன்றைத் தவிர எதுவும் இல்லை, தெருவில் போகிறவனுக்குக்கூட அது தெரியும். அவர் தார்ப்பாயைத் தூக்கி அடியில் பார்த்தார். பிறகு தகரத்தில் கையை வைத்து வைத்து எடுத்தார்.

வெட்டின இரும்பை ஒட்டலாம், ஆனால் அந்தச் சீட்டை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? அக்காவின் பேச்சையும் கேட்கவில்லை, மாமாவுக்கும் பிரயோஜனம் இல்லை.

அக்காவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இறங்கிப் பார்க்கும் விஷயம் அவளுக்கு அதுவரை தெரியாது. என் முகத்தைப் பார்த்தாள், நான் தலையைக் குனிந்துகொண்டேன். உள்ளே போய்ப் பிள்ளைகள் இருவரையும் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். முன் கதவைத் திறந்து பெரியவனை ஏற்றினாள், அவன் பக்கத்தில் ஜன்னலோரமாகச் சின்னவளை உட்காரவைத்தாள். மாமா தார்ப்பாயும் கையுமாக நின்று, வேண்டாம் வேண்டாம் என்றார்.

"எண்ணிக்கோங்க" என்றாள் அக்கா. "ரெண்டே பேர்தான். உங்க பக்கத்துலதான்."

அவர் தார்ப்பாயைத் தொட்டியில் போட்டார். பிறகு வந்து ஏறினார். வண்டி நடக்கிற வேகத்தில் கிளம்பியது. அக்காவுக்கு அதில் இடமில்லை, வாசலிலேயே நின்றாள்.

தெருமுனையில் வண்டி நின்றது. மாமா இறங்கிப் பின்னால் போய்த் தார்ப்பாயைத் தூக்கினார். ஜன்னலிலிருந்து சின்னவளின் தலை நீண்டது.

"அப்பா, நாங்க இங்க இருக்கோம்."

எங்களுக்கே கேட்டது. மாமா தார்ப்பாயை விட்டுவிட்டு ஜன்னலுக்கு வந்தார். அவள் தலைமேல் கையை வைத்தார். பிறகு கையை உள்ளே நீட்டிப் பெரியவனின் தலையையும் தொட்டார். ஏறிக்கொண்டார். வண்டி முனையில் திரும்பி மறைந்தது.

அடுத்த தெருவிலும் நின்றிருக்கும். அக்கா காதைத் தீட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றாள். நானும் கூட நின்றேன். எங்களுக்குள் பேச்சு இன்னும் இல்லை.