டிவியில் காணாமல் போன பெட்டி

பொன்ராஜுக்குப் பக்கவாதம் வந்து ஐந்து மாதமாகியிருந்தது. மூணாறில் இருபது வருடம் ஜீப் ஓட்டி, ஏறியவர்களையெல்லாம் பேச்சாலேயே சிரிக்க வைத்த மனிதருக்கு வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. பேச்சுப் பயிற்சி தரும் மௌனிகா, வாராவாரம் மலையேறி வர முடியாததால், உதட்டை எப்படிக் குவிப்பது, நாக்கை எங்கே வைப்பது என்று அவருக்காகவே நாற்பது வீடியோ எடுத்துக் கொடுத்திருந்தாள்.

மழைக்காலத்தில் எஸ்டேட் பக்கம் நெட் நிற்காது. அதனால் கம்ப்யூட்டர் கடை கௌசிகா, அவற்றை ஒரு ஹார்ட் டிஸ்க் பெட்டியில் ஏற்றி, மோடத்தோடு இணைத்துக் கொடுத்தாள். வெளியே நெட் செத்தாலும் வீட்டு வைஃபையில் டிவிக்குப் படம் வந்துவிடும். டீ பேக்டரி விட்டு வந்ததும் அவர் மனைவி மாரீஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்து பாடத்தைப் போடுவாள்.

அந்தத் திங்கட்கிழமை டிவித் திரையில் பெட்டியின் பெயரையே காணோம். இடியில் கருகிய மோடத்தை முந்தின நாள்தான் ஆள் வந்து மாற்றி, டிவியையும் போனையும் வைஃபையில் சேர்த்துவிட்டுப் போயிருந்தார். மாரீஸ்வரி கௌசிகாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"பெட்டியில பச்ச லைட்டு எரியுதாக்கா?"

"எரியுதும்மா. போன்லகூட வீடியோ ஓடுது. ஆனா சின்னதா இருக்கு, வாய் அசையறது அவருக்குத் தெரியல."

"அப்ப பெட்டி நல்லாத்தான் இருக்கு. டிவியும் போனும் ஒரே வைஃபையிலதான் நிக்குதா?"

மாரீஸ்வரி இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் பார்த்தாள். "ரெண்டுலயும் பொன்ராஜ்னுதான் இருக்கு."

மோடத்தை அணைத்துப் போட்டார்கள். டிவியை அணைத்துப் போட்டார்கள். அரைமணி நேரம் ஓடியது. கௌசிகாவின் கடையில் ஆட்கள் காத்திருக்கும் சத்தம் கேட்டது.

"நீ வேலையப் பாரும்மா, நாளைக்குப் பாப்போம்."

"இருக்கட்டும்க்கா. அண்ணனுக்கு இன்னைக்குப் பாடம் விடக்கூடாது."

அப்போது பொன்ராஜ் தொண்டைக்குள் உறுமினார். தண்ணீர் கேட்கிறார் என்று டம்ளரை நீட்டினாள், தள்ளிவிட்டார். இடது கையால் போனைக் காட்டினார், பிறகு டிவியைக் காட்டினார். அந்த விரல் டிவித் திரையில் இருந்த வைஃபை பெயரைத் தாண்டி அதன் வாலில் போய் நின்றது. மாரீஸ்வரி கிட்டே போய்ப் படித்தாள்.

"ஜி, யு, இ, எஸ், டி..."

"கெஸ்ட்! அதான்க்கா!" கௌசிகா கத்தினாள். "அது விருந்தாளிக்கான வைஃபை. அதுல நெட்டு மட்டுந்தான் வரும், வீட்டுக்குள்ள இருக்குற பெட்டி தெரியாது. வாலில்லாத பேருக்கு மாத்துங்க. யாருக்கா கண்டுபிடிச்சது?"

"உங்க அண்ணன்தான்."

மாரீஸ்வரி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். பார்க்க வந்தவர்களெல்லாம் அவரிடம் குழந்தையிடம் பேசுவதுபோல் பேசிவிட்டுப் போனார்கள். அவர் மூளைக்கு எவ்வளவு எட்டுகிறதோ என்று அவளுக்கே சந்தேகம் இருந்தது. அவரோ அவள் கண்ணுக்குத் தப்பியதைப் படித்துவிட்டுச் சொல்ல வழியில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்.

பெயரை மாற்றியதும் நாற்பது வீடியோவும் டிவியில் வரிசையாக வந்து நின்றன.

"உன்ன மறக்கமாட்டேம்மா," என்றாள் மாரீஸ்வரி.

பொன்ராஜ் கையை நீட்டிப் போனைக் கேட்டார். வாயருகே வைத்துக்கொண்டார். உதடு குவிந்தது, நடுங்கியது. "க... க..."

"மெதுவா சொல்லுங்கண்ணே," என்றாள் கௌசிகா. "நான் வைக்கமாட்டேன்."