பானுப்பிரியா பேருக்கு நாலு கிலோ

எங்கள் தெருவில் எனக்குக் கஞ்சப்பிசினாறி என்று பெயர். இருக்கட்டும். ஒற்றைச் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவளை வேறு என்ன சொல்வார்கள்? என் வீட்டுக்காரர் காளீஸ்வரனுக்குத் திருத்தங்கலில் ஒரு பிரஸ்ஸில் கட்டிங் மிஷின் வேலை. அச்சுப் பிசகிய பட்டாசு லேபிள்களை அள்ளிக்கொண்டு வருவார். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். அதை ஊசி நூலால் தைத்து நோட்டாக்குவேன். இசைவாணி கணக்குப் போட்ட தாளைத் திருப்பினால் மயிலும் புலியும் இருக்கும். ஒரு தேங்காய் எங்கள் வீட்டில் மூன்று நாள் வரும்.

எல்லாம் ஒரே ஒரு பிடிவாதத்துக்காக. என் பிள்ளைகள் பட்டாசு ஆபீஸ் வாசலை மிதிக்கக் கூடாது. எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். நான் ஏழு வயதில் தீப்பெட்டி ஆபீஸ் வண்டியில் ஏறியவள். விடியுமுன் தூக்கத்தோடு தூக்கிப் போட்டுக்கொண்டு போவார்கள். கையெழுத்துப் போடுவதையே எனக்கு இசைவாணிதான் சொல்லிக் கொடுத்தாள்.

மூத்தவள் பானுப்பிரியா ஒன்பது வயதில் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். ரேஷன் கார்டில் அவள் பெயரை நான் அடிக்கச் சொல்லவில்லை. அழுது முடித்த வீட்டுக்கும் அடுத்த மாதம் அரிசி வேண்டுமே. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்று வருடம் கழித்துக் கடைக்காரர், "பெரிய பிள்ளைக்குப் பன்னெண்டு முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார். முடிந்தால் பெரியவர்கள் அளவு கிடைக்கும். "முடிஞ்சிருச்சுய்யா" என்றேன், கொஞ்சம்கூடக் கூசாமல். ரெண்டு கிலோ நாலு கிலோ ஆனது.

வேடிக்கை என்னவென்றால், கூடுதலாக வாங்கியும் அரிசி முன்பு போலவே இருபத்தாறாம் தேதி தீர்ந்தது. உழக்கால் அளந்துதான் உலையில் போடுவேன். எலி இல்லை, களவு இல்லை. ஆனாலும் பரிமாறும்போது ஓர் ஆள் சோறு குறையும். நான் பட்டினி கிடந்து சரிக்கட்டுவேன். ஒருநாள் வயிற்றெரிச்சல் தாங்காமல், "எவ தின்னுட்டுப் போறா?" என்று வெறும் அடுப்படியைப் பார்த்துக் கத்தினேன். இசைவாணி நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "அக்காதான்" என்றாள். அக்கா போனபோது அவளுக்கு ஐந்து வயது. வீட்டில் ஒரு போட்டோகூடக் கிடையாது. பயத்தில் அவளை அறைந்துவிட்டேன்.

வருடங்கள் ஓடின. இரண்டாயிரத்து எட்டில் இசைவாணிக்குப் பதினான்கு வயது. கார்டில் இருந்தவளுக்குப் பதினெட்டு. தீபாவளிக்கு ஒரு மாதம் இருந்தது. தீபாவளி லேபிளெல்லாம் அடித்து முடிந்ததால் பிரஸ்ஸில் ஆர்டர் குறைந்து, இவருக்கு வாரம் மூன்று நாள்தான் வேலை. நான் கேழ்வரகுக் கூழுக்கு மாறி நிலைமையைச் சமாளித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் மத்தியானம் பைக்கில் ஓர் ஆள் வந்து நின்றார். பெயர் பெத்தணன், விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு ஆபீஸில் போர்மேன் என்றார்.

"யக்கா, பானுப்பிரியா வீடு இதுதானே?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"சீசன் நேரம், ஆள் பத்தல. உங்க பெரிய மக வந்து மூணு வாரத்துல என்ன கைவேகங்கீக! அதிகம் பேச மாட்டா. ரெண்டாளு சோறு திம்பா, அம்புட்டுதான். சின்னவ ஒருத்தி இருக்காளாம்ல, லீவு நாள்லயாவது அனுப்புங்களேன். பானுகிட்ட கேட்டா, தங்கச்சி படிக்கட்டும்னு ஒரே பிடியா நிக்கா."

"வயசு பாத்துத்தான் சேத்தீகளா?" என்று கேட்டேன்.

"அவுக அப்பா ரேஷன் கார்டு ஜெராக்ஸ் குடுத்தாரே. பதினெட்டு ஆயிருச்சே."

காலையில் இவர் இசைவாணியைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவது பள்ளிக்கூடத்துக்கு இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. அந்த மனுசனைக் கொன்று போடலாம் போலிருந்தது. ஆனால் அவருக்கு அந்தப் பதினெட்டு வயதை அரிசி போட்டு வளர்த்துக் கொடுத்தவள் நான்தான்.

பஸ் பிடித்து விஸ்வநத்தம் போனேன். ஆபீஸ் கேட்டில் வாட்ச்மேன் நிறுத்தினார்.

"எம் மக இசைவாணியக் கூப்பிடணும்."

"அந்தப் பேருல இங்கன யாரும் இல்லையே, தாயி."

வேறு வழியில்லை. ஒன்பது வருடமாக வாய்விட்டுச் சொல்லாத பெயரைச் சொன்னேன். "பானுப்பிரியா."

அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். வேப்பமரத்துக்கு அப்பால் இருந்த ஷெட்டிலிருந்து ஒருத்தி வந்தாள். முழங்கை வரை பட்டாசில் அடைக்கிற வெள்ளி மருந்து. இசைவாணிதான். காலையில் நான் கட்டிவிட்ட நீல ரிப்பன் அப்படியே இருந்தது. பெற்றவளுக்குத் தெரியாதா? ஆனால் நடை அவளுடையது இல்லை. ரொம்ப நாள் வேலைக்குப் போய்ப் பழகியவள் மாதிரி, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நிதானமாக வந்தாள்.

"என்னம்மா இம்புட்டு தூரம்? இசை ஸ்கூலுக்குப் போயிட்டாளா?"

பிள்ளை பயந்துபோய் நடிக்கிறாள் என்று நினைத்தேன். அப்பன் சொல்லிக் கொடுத்திருப்பான் என்று நினைத்தேன். கண்ணைப் பார்த்ததும் அந்த நினைப்பெல்லாம் போய்விட்டது. அவள் என் மேல் இரக்கப்பட்டாள். வீட்டுக்கு மூத்தவள் அம்மாவைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

கையைப் பிடித்துத் தரதரவென்று ரோட்டுக்கு இழுத்து வந்தேன். வெள்ளி மருந்து என் கையிலும் அப்பியது. "விடும்மா, பாதி நாள் கூலி போயிரும்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். "அவ டீச்சரு ஆகுற வரைக்கும் நான் பாத்துக்கிடுதேன்."

பஸ் ஸ்டாப்பில் யாரும் இல்லை. அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அழுகையை அடக்க முடியாமல் சொன்னேன்.

"பானு, நீ செத்துப் போயிட்ட, தாயி. அவளை விட்டுரு."

அவளுக்குக் கோபம் வரவில்லை. நிஜமாகவே விளங்காமல் கேட்டாள்.

"அப்பறம் எதுக்கும்மா மாசாமாசம் எனக்கு அரிசி வாங்குன?"

மறுபடி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பஸ் வந்து நின்றது. அவள் ஏறவில்லை. நான் கையை விடவும் இல்லை.