மோதல் இல்லாத அப்டேட்

பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, உட்கார்ந்ததுமே பக்கத்து சீட்காரி, "அக்கா, முதல்ல அப்டேட் எடுங்க. நீங்க இல்லாதப்ப எல்லாரும் எழுதின புரோகிராம் சர்வர்ல மலையா குவிஞ்சு கிடக்கு," என்றாள்.

எங்கள் வேலை பஸ் முன்பதிவு மென்பொருள். விடுப்புக்கு முன் அதில் இருக்கை ஒதுக்கும் பகுதியை அடியோடு மாற்றி எழுதியிருந்தேன். அது என் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது. டீம் லீடர் பார்த்துத் தலையாட்டாமல் எதையும் சர்வரில் ஏற்றக் கூடாது என்பது எங்கள் பிரிவின் சட்டம். நான் விடுப்பில் போகும்போது அவர் ஒரு பிரதி வாங்கிக்கொண்டு, "பார்த்து வைக்கிறேம்மா, நல்லபடியா பெத்துப் பிழைச்சு வா," என்றார். இந்த வேலையைக் காட்டித்தான் சீனியர் பதவிக்கு என் பெயரை அனுப்புவதாக வாக்கு. அது வராவிட்டால் வேலையை விட்டுவிடு என்று வீட்டுக்காரர் ஏற்கெனவே ஆரம்பித்திருந்தார்.

அந்தப் பகுதி இருக்கும் கோப்பில் வேறு யாராவது கை வைத்திருப்பார்கள், அவர்கள் வரியும் என் வரியும் முட்டிக்கொள்ளும், நாள் முழுக்கச் சிக்கெடுக்க வேண்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு அப்டேட்டை அழுத்தினேன். கோப்புகள் மளமளவென்று இறங்கின. என் கோப்பும் இறங்கியது. ஒரு மோதல்கூட இல்லை.

சந்தோஷப்பட்டிருக்கலாம். ஆனால் உறுத்தியது. சர்வரில் இருப்பதற்கும் என்னிடம் இருப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று கம்ப்யூட்டரிடம் கேட்டுப் பார்த்தேன். எதுவும் இல்லை என்றது. நான் எழுதியதெல்லாம் எனக்கு முன்பே அங்கே போய் உட்கார்ந்திருந்தது, வரிக்கு வரி. எழுதியவர் என்று பக்கத்தில் லீடரின் பெயர்.

புண்ணியவான், நடுவில் நான் எனக்காகக் கிறுக்கிய குறிப்பைக்கூட விடாமல் நகலெடுத்திருந்தார்: 'குழந்தை உதைக்கிறது. கடைசி வரிசை நாளைக்கு.'

நேராக அவர் அறைக்குப் போனேன்.

"வாம்மா! குழந்தை சௌக்கியமா? உன் பேரை இந்தத் தடவை அனுப்ப முடியலம்மா. சர்வர்ல உன் வேலைன்னு காட்ட ஒண்ணும் இல்லையே."

"இருக்கை ஒதுக்குறது யார் எழுதினது சார்?"

"நான்தான். நீ எங்க இருந்த? ஒவ்வொரு வரியும் நானே உக்காந்து எழுதினது." கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"அப்போ குழந்தை உதைச்சப்ப ரொம்ப வலிச்சுதா சார்?"

"எந்தக் குழந்தை?" என்றார். அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.