பாதிப் பச்சை

1

இந்தக் கதை எனக்கு வயிற்றெரிச்சலில் கிடைத்தது. கௌரவமான காரணம் ஏதாவது சொல்லலாம் என்றுதான் பார்த்தேன், வாயில் வரவில்லை. போன வாரம் பக்கத்து வீட்டு ஃபுவாத்தினோ இடுப்புத் துணியை முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகிக்கொண்டு கடைக்குப் போனாள். தொடை முழுக்கப் புதிதாகக் குத்திய பச்சை, எண்ணெய் பூசி மினுமினுவென்றிருந்தது. நாலடி பின்னால் அவள் புருஷன் லஃபாயேலே, ரொட்டிப் பையைத் தூக்கிக்கொண்டு, அவள் காலையே பார்த்தபடி வந்தான். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். என் நண்பனுடைய புதுப் புத்தகம் தபாலில் வரும்போதெல்லாம் என் முகத்தில் இருப்பது அதுதான்.

(அந்தப் புத்தகங்களை நான் பிரிப்பதே இல்லை. இது கதைக்குத் தேவையில்லை. இருக்கட்டும்.)

2

முதல் தொடக்கம்: "எங்கள் சவாயி தீவின் கிழக்குக் கரையில் சூரியன் மெல்ல—"

வேண்டாம். சூரியனை வைத்து நான் ஆரம்பித்த கதை எதுவும் மத்தியானத்தைத் தாண்டியதில்லை.

இரண்டாவது: "லஃபாயேலே ஒரு கோழை." இது அநியாயம். அதுவும் நான் சொல்வது மகா அநியாயம்.

விஷயத்துக்கே வருகிறேன். லஃபாயேலேக்கு இடுப்பிலிருந்து முழங்கால் வரை குத்த வேண்டிய பச்சை பாதியில் நிற்கிறது. முதுகும் தொடையும் ஆயிற்று, வயிறும் தொப்புளும் பாக்கி. எங்கள் ஊரில் பச்சையே குத்தாதவனை யாரும் பெரிதாக ஒன்றும் சொல்வதில்லை. பாதியில் எழுந்தவன்தான் ஆயுசுக்கும் பேச்சு வாங்க வேண்டும். அவன் எழுந்த விதம் அதைவிட மோசம். "ஒண்ணுக்குப் போயிட்டு வந்துடறேன்" என்று பாயை விட்டுப் போனவன், திரும்பவில்லை.

பச்சைக்குத் தனியாகப் படுக்கும் வழக்கமில்லை. ஜோடி வேண்டும். ஒருவன் வலியில் கிடக்கும்போது அடுத்தவன் பக்கத்தில் இருப்பான், பிறகு அவன் முறை. லஃபாயேலேக்கு ஜோடியாகப் படுத்தவன் மத்தாயோ. மத்தாயோ முடித்துவிட்டான்.

3

ஊரில் ஒருவருக்குத் தலைவர் பட்டம் கட்டிய அன்று, மத்தாயோ சட்டையில்லாமல், துணியை ஏற்றிக் கட்டி, பெரியவர்களுக்கு ஆவா வேரில் செய்த பானம் பரிமாறினான். முழுப் பச்சைக்காரனுக்குத்தான் அந்த அழகு. லஃபாயேலே முழங்கால்வரை தொங்கும் சட்டையோடு பின்னால் பன்றிக்கறி வெட்டிக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் நின்றேன்.

"பாரு அவன. கிண்ணத்தத் தர்றானா, வயித்தக் காட்டறானான்னே தெரியல."

"நல்லாத்தானே இருக்கு."

"நல்லா இருக்கிறதுதாண்டா எரியுது!"

[இந்த வரியை அவன் சொல்லவில்லை. என் வாயில் இருந்ததை அவன் வாயில் வைத்துவிட்டேன்.]

பரிமாறி முடித்த மத்தாயோ நேராக எங்களிடம் வந்தான். "என்ன ஜோடி, அன்னைக்குப் போன ஒண்ணுக்கு இன்னும் முடியலயா?"

கூட்டமே சிரித்தது. லஃபாயேலேயும் சிரித்தான். எலும்பில்லாத துண்டை எலும்பு வெட்டுகிற மாதிரி ஓங்கி வெட்டினான்.

4

அவனுடைய சாக்குகள் எனக்கு மனப்பாடம். சேப்பங்கிழங்கு நடணும். சர்க்கரை ஏறியிருக்கு. புயல் வருதாம். கோயில்ல பிள்ளைங்க ஞாயிறுத் திருவிழா முடியட்டும். எல்லாம் தீர்ந்துபோனால் கடைசியாக ஒன்று வைத்திருந்தான்.

"ஜோடி இல்லாம எப்படிப் படுக்கிறது? வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல?"

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஃபுவாத்தினோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஜோடிதானே வேணும்? நான் படுக்கிறேன்."

"நீயா? ஊசி போட்டாலே மயங்கி விழுவியேடி!"

"விழறேன். மயங்கிக் கெடந்தா வலிக்காதுல்ல, நல்லதுதானே."

ஆணுக்குப் பெண் ஜோடியாகலாமா என்பதில் ஊரில் இரண்டு கட்சி உண்டு. அவள் இரண்டு கட்சியையும் கேட்கவில்லை. பெண்களுக்குக் குத்துவது குறைவு, ஒரே நாளில் ஆகிவிடும். காலையில் போனவள் சாயங்காலம் மஞ்சளும் எண்ணெயுமாகக் காலை அகட்டி வைத்து நடந்து வந்தாள்.

"என் முறை ஆச்சு. இனி உன் முறை."

அவனுக்குப் பயம் வந்திருந்தால் எழுதுவது சுலபம். அவனுக்கு வந்தது பொறாமை, அதுவும் கட்டிய பெண்டாட்டி மேல். அவள் நடந்தாலும் எரிந்தது, உட்கார்ந்தாலும் எரிந்தது. சோறு போடும்போது துணி கொஞ்சம் விலகினால் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

5

முடிவு அ: அவன் போகிறான். தொப்புளில் கடைசிக் குத்து. வழக்கப்படி தலையில் முட்டை உடைக்கிறார்கள், மஞ்சள் பூசுகிறார்கள், அவன்—

அவன் என்ன? எதையும் முடித்துப் பார்க்காத எனக்கு, முடித்தவன் முகம் எப்படி இருக்கும் என்று எப்படித் தெரியும்?

முடிவு ஆ: போகிறான், மறுபடியும் பாதியில் எழுந்துவிடுகிறான். இதை ஒரே மூச்சில் எழுதினேன். பிரமாதமாகவும் வந்தது. அவன் தோற்றால் எனக்கு எவ்வளவு சுகமாக இருக்கிறது என்று பார்த்தபின், சீ என்று கிழித்துப் போட்டேன்.

6

நேற்று லஃபாயேலே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"என்னப் பத்தி எழுதறியாமே. கடைசில போறேனா, இல்லையா?"

"நீ போனாத்தானேடா எனக்குத் தெரியும். நீ போ, நான் முடிக்கிறேன்."

"அதெப்படி? நீ முதல்ல முடி. படிச்சுப் பாத்துட்டு நான் போறேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எவ்வளவு நிம்மதி தெரியுமா! அவன் போகாததால் நான் முடிக்கவில்லை, நான் முடிக்காததால் அவன் போகவில்லை. யார்மேலும் குற்றமில்லை. கொக்கோ போட்டுக் குடித்தோம்.

வேலிக்கு அப்பாலிருந்து ஃபுவாத்தினோ குரல் கொடுத்தாள். "சபாஷ்! இந்தச் சாக்கு ரெண்டு பேருக்கும் ஆயுசுக்கும் காணும். பத்திரமா வச்சுக்குங்க."

அவன் கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான்.

7

இன்று காலை டக் டக் டக் என்று, பச்சை குத்தும் சீப்பைக் கோலால் தட்டுகிற சத்தம். பச்சை குத்துகிறவர் வீடு எங்கள் பாதையின் கோடியில்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தேன். அவனும் இல்லை, அவளும் இல்லை, பாயும் இல்லை.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. துரோகி! நேற்றுத்தானே ஒன்றாக உட்கார்ந்து கொக்கோ குடித்தோம்?

ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதலாம் என்று எழுந்தேன். பார்க்காமல் எழுதினால் உண்மையாக இருக்காதல்லவா? செருப்புக்கூட மாட்டியாயிற்று. அப்புறம்தான் இதுவும் சேப்பங்கிழங்கு, புயல் வரிசையில் சேர்த்தி என்று உறைத்தது. திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஆகவே அவன் கடைசிவரை படுத்திருந்தானா, எழுந்தானா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கு எது பிடிக்கிறதோ அப்படி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இப்போது அதற்கு நேரமில்லை. இந்தச் சத்தம் நிற்பதற்குள் நான் முடித்தாக வேண்டும். மத்தாயோ முந்தினான், ஃபுவாத்தினோ முந்தினாள், என் நண்பன் வருஷா வருஷம் முந்துகிறான். இவனையாவது முந்தவிடக் கூடாது.

இதோ, முடித்துவிட்டேன். அங்கே இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.